தஞ்சாவூர் பக்கம் நாலு பேர் குடும்பம்: மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி?
செலவு குறையணும், சாப்பாடும் சப்பென்று ஆகக்கூடாது, அதானே? டெல்டாவில் இருந்துகொண்டு உளுந்தையும் பச்சைப்பயறையும் மாதாமாதம் பாக்கெட்டில் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு வயல் ஈரத்திலேயே விதைத்துவிடுவார்கள், பங்குனி சித்திரையில் களத்துக்கு வந்துவிடும்; அப்போது தெரிந்த விவசாயியிடம் வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, ரெண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, டின்னில் வசம்புத் துண்டோடு மூடி வையுங்கள். (ஒரு வருஷம் சோம்பல்பட்டுக் காயவைக்காமல் கொட்டினேன், ஆடிக்குள் பாதி வண்டுக்குப் போய்விட்டது.)

ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், விடாதீர்கள். வேக நேரமானால் ஊறவைத்தால் சரி. காய்க்கு உழவர் சந்தை. அப்புறம் மீன், வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் மத்தி வாங்குங்கள், மறுநாள் குழம்புக்கு அதை அடிக்க ஆளில்லை.