வீட்டு வேலியோரம் ஒரு கோடை: படம் பிடிப்பவர்களின் கேள்விகள்

செல்போன்தான் இருக்கிறது. குன்னூரில் வேலியோர உண்ணிச்செடிக்கு நிறைய பட்டாம்பூச்சிகள் வருகின்றன. கிட்டே போனால் பறந்துவிடுகின்றன.

காலை ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். உடம்பு சூடேறாமல் பட்டாம்பூச்சியால் பறக்க முடியாது. நம் ஊரில் மே மாதக் காலையும் குளிர்தானே! முதல் வெயிலுக்கு இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பக்கவாட்டில் மெல்ல நெருங்குங்கள். பூவையும் கவனியுங்கள்: மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இருக்கும் கொத்தில், நடுவே இருக்கும் மஞ்சள் பூக்கள்தான் புதியவை, தேன் உள்ளவை. நிறம் மாறியவற்றைப் பட்டாம்பூச்சி பெரும்பாலும் தொடாது. மஞ்சள் அதிகமுள்ள கொத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், அதுவே வரும். காட்டுக்குள் உண்ணிச்செடி ஒரு கொடிய களை. ஆனாலும் படம் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மண்மேட்டுப் பொந்தில் புதர்ச்சிட்டு கூடு வைத்திருக்கிறது. குஞ்சுகளை எடுக்கலாமா?

வேண்டாம். பொந்தின் முன்னால் இருக்கும் ஒரு புல்லைக்கூட விலக்க வேண்டாம். நீங்கள் அடிக்கடி போய் எட்டிப் பார்க்கும் இடத்தைக் காகமும் பூனையும் கண்டுகொள்ளும். தாய்ப்பறவை வாயில் புழுவோடு கூட்டுக்குள் போகாமல் எங்கோ உட்கார்ந்து கத்துகிறதா? உங்களால்தான் அது தயங்குகிறது. உடனே பின்வாங்குங்கள். அந்த நேரத்தில் குஞ்சு பசியோடு இருக்கிறது.

அப்புறம் என்ன எடுப்பது? ஆண் புதர்ச்சிட்டு சுற்றிச் சுற்றி அதே வேலிக்கம்பில்தான் வந்து உட்காரும். இரண்டு நாள் சும்மா பாருங்கள், கம்பு எது என்று தெரிந்துவிடும். கூட்டிலிருந்து தள்ளியிருக்கும் கம்பாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வீட்டு ஜன்னலுக்குள் இருந்தபடியே எடுங்கள். கருப்புப் பறவை, பின்னால் வெள்ளை வானம் என்றால் கேமராவில் வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு, கூட்டுங்கள், இறகின் நுணுக்கம் தெரியும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி இருந்தால் அது எழும்பும் கணமும் கிடைக்கும்.

கொடைக்கானலில் தெருவுக்கே காட்டெருமை வருகிறது. எவ்வளவு கிட்டே போகலாம்?

போகவே வேண்டாம். மாடியில் இருந்தோ வாசற்படிக்குள் இருந்தோ எடுங்கள். சாதுவாக மேய்வதைப் பார்த்து ஏமாறாதீர்கள், திரும்பினால் ஓட நேரமிருக்காது. ஃபிளாஷ் கண்டிப்பாகக் கூடாது.

காட்டுப் பூவரசு (ரோடோடெண்ட்ரான்) பூ படத்தில் வெறும் சிவப்புத் திட்டாக விழுகிறது.

சிவப்பு மட்டும் அளவுக்கு மீறிப் பதிவாகிறது. வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறையுங்கள். இன்னும் நல்லது, பனிமூட்டம் வரும்வரை பொறுத்திருப்பது. மூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், இதழின் மடிப்பும் நிழலும் தனித்தனியாகத் தெரியும். மலையில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இலவசம்.

இந்தக் கோடையில் நீலக்குறிஞ்சி கிடைக்குமா?

அது பூப்பது மழைக்காலத்தில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018 பெரும் பூப்புகள். அடுத்தது 2030. அதுவரை வழியோரச் சிறுபூக்களைப் படுத்துக்கொண்டே, பூவின் உயரத்திலிருந்து எடுத்துப் பழகுங்கள்.

லென்ஸில் பூஞ்சை வராமல் எப்படிக் காப்பது?

என் பழைய லென்ஸ் ஒன்று அலமாரியில் ஒரே மழைக்காலத்தில் பாழானது, இன்றும் வருத்தம்தான். தோல் பைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்துங்கள். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். வாரம் ஒருமுறையாவது எடுத்து நாலு படம் எடுங்கள்.