ஓப்பன் பேக் போல விரிந்த சவுண்ட்ஸ்டேஜும் ஆழமான பேஸும் ஒரே க்ளோஸ்டு பேக் ஹெட்போனில் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் கொடுத்த விவரம் இதுதான்: நண்பர் வீட்டில் சென்ஹைசர் எச்டி 800 எஸ் கேட்டு மயங்கிவிட்டார். ஆனால் அது ஓப்பன் பேக், அதாவது கப்பின் பின்பக்கம் திறந்திருந்து சத்தம் வெளியே போகும் வகை. இவர் பாட்டு கேட்பதே ராத்திரி பத்து மணிக்கு மேல், பக்கத்தில் குழந்தை தூங்கும்போது. அதனால் பின்பக்கம் மூடிய க்ளோஸ்டு பேக் வேண்டும், அதே விரிவான சவுண்ட்ஸ்டேஜ் (கருவிகள் ஒரு மேடையில் பரவி நிற்பது போலக் கேட்கும் உணர்வு) வேண்டும், போதாததற்கு நல்ல பேஸும் வேண்டும். இரண்டு லட்சம் வரை எடுத்து வைத்திருக்கிறார்.

முழுதாகக் கிடைக்காது. முக்கால்வாசி கிடைக்கும். அந்த முக்கால்வாசியில் எவ்வளவு உங்கள் காதுக்கு வந்து சேரும் என்பதை ஹெட்போன் மட்டும் தீர்மானிப்பதில்லை, நீங்கள் மூக்குக் கண்ணாடி போடுகிறவரா என்பதும் தீர்மானிக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நண்பர் மூன்று மாதம் ஆன்சைட் போனார். "வீட்டைப் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நீயே வைத்துக் கேளு" என்று இரண்டு பெட்டிகளை என்னிடம் விட்டுப் போனார். ஒன்றில் சென்ஹைசர் எச்டி 820, இன்னொன்றில் சோனி எம்டிஆர் இசட்1ஆர். வெளியானபோது இரண்டுமே இரண்டாயிரத்து முந்நூறு, நானூறு டாலர் விலையில் இருந்தவை. நான் அதுவரை பத்து வருஷமாக பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவோடு குடித்தனம் நடத்தியவன். லாட்டரி அடித்த மாதிரி இருந்தது.

முதல் ராத்திரி எச்டி 820-ஐ மாட்டினேன். மேடை விரிவாகத்தான் இருந்தது. ஆனால் பேஸ்? இருந்தது, பக்கத்து வீட்டில் இருந்தது. இவ்வளவு விலைக்கு இதுதானா என்று நெற்றியைத் தடவப் போனேன், கண்ணாடி கையில் பட்டது. கழற்றி மேசையில் வைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. பேஸ் கிட்டார் அந்த நொடியில் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. சந்தேகம் தீர 30 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டுக் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தேன். கழற்றினால் காதின் மேல் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்ல அமுக்குவது போல ஒரு அழுத்தம். போட்டால் வெறும் காற்று. காரணம், கண்ணாடிக் காம்புக்கும் இயர்பேடுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி கனத்துக்கு இருந்த இடைவெளிதான்.

சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள், கை எதிர்த்துத் தள்ளும். விரலை லேசாக நகர்த்தினால் புஸ் என்று போய்விடும். காதைச் சுற்றி பேட் காற்றுப் புகாமல் உட்கார்ந்துவிட்டால் டிரைவருக்கும் (ஹெட்போனுக்குள் சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) செவிப்பறைக்கும் நடுவில் இருப்பது அப்படி அடைத்த பம்ப்தான். டிரைவர் எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் அழுத்தம் காதுக்கு வந்தே தீரும். அதனால்தான் 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க முடிகிறது. எங்காவது ஒழுகினால் முதலில் வெளியேறுவது மெதுவான அசைவுகள், அதாவது ஆக ஆழமான பேஸ். சவுரிமுடி, தாடி, கிருதா, கண்ணாடிக் காம்பு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். விமர்சனங்களில் ஒருவர் "பேஸ் கொட்டுகிறது" என்றும் இன்னொருவர் "பேஸே இல்லை" என்றும் ஒரே மாடலைப் பற்றி எழுதுவதில் பாதிக்கு மேல் இதுதான் சங்கதி என்று நினைக்கிறேன்.

சவுண்ட்ஸ்டேஜின் கதை நேர் எதிர். டிரைவர் முன்னால் எவ்வளவு சத்தம் போடுகிறதோ அதே அளவு பின்னாலும் போடுகிறது. ஓப்பன் பேக்கில் அது வெளியே போய்விடும். க்ளோஸ்டு பேக்கில் போக்கிடம் இல்லை. கப்பின் சுவரில் மோதித் திரும்பி வந்து, டிரைவரில் அதிரும் காகிதம் போன்ற டயாஃப்ரத்தைத் தாண்டி, சற்றுத் தாமதமாகக் காதில் விழும். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் குரல் எப்படி இருக்கும்? அந்தக் குடத்தன்மைதான் மேடையைச் சுருக்குகிறது. ஆக, பேஸுக்கு அடைப்பு வேண்டும், விரிவுக்குப் பின் சத்தம் எப்படியாவது தொலைய வேண்டும். விலை உயர்ந்த க்ளோஸ்டு பேக் ஒவ்வொன்றும் இந்த ஒரு வழக்குக்கு எழுதப்பட்ட வேறு வேறு தீர்ப்பு.

2018-இல் வந்த எச்டி 820, எச்டி 800-இன் அதே 56 மில்லிமீட்டர் ரிங் வகை டிரைவரை வைத்துக்கொண்டு, பின்னால் குழிவான கொரில்லா கிளாஸை மாட்டியது. பின் சத்தம் அந்தக் கண்ணாடியில் பட்டு ஓரங்களில் இருக்கும் உறிஞ்சும் அறைகளுக்குள் போய் அடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெருமளவு அடங்குகிறது. நான் கேட்ட க்ளோஸ்டு பேக்குகளில் இடவலம் இவ்வளவு தள்ளிப் போனது வேறில்லை. ஆனால் குரல் சற்றுப் பின்வாங்கி நிற்கும். பேஸோ, மேலே சொன்னபடி, உங்கள் முகத்தின் தயவில் இருக்கிறது.

2016-இல் வந்த சோனி இசட்1ஆர் வேறு வழியில் போயிற்று. 70 மில்லிமீட்டர் டிரைவர், அதற்கு முன்னால் சூரியகாந்திப் பூ போல ஃபிபனாச்சி வரிசையில் ஒரு கம்பிவலை. அது பார்க்க அழகு. எனக்கு முக்கியமாகப் பட்டது வெளிக்கூடு. காகிதக் கூழில் செய்த வடிகட்டி ஒன்றை வைத்து, காற்று அளவாக ஊடுருவிப் போகும்படி விட்டிருக்கிறார்கள். க்ளோஸ்டு பேக் என்று சொல்லிக்கொண்டே ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்த வீடு மாதிரி. குடத்தன்மை பெரிதும் காணாமல் போகிறது, அதற்கு விலையாக வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வருகிறது. மாட்டிக்கொண்டும் சீலிங் ஃபேன் எனக்குக் கேட்டது. பேஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெரிய பேட், பெரிய டிரைவர். கண்ணாடியோடு போட்டும் எச்டி 820 இழந்த அளவுக்கு இது இழக்கவில்லை. ஒரே வம்பு, 10 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. மேல் ஸ்தாயியில் வயலின் வில் இழுக்கும்போது சிலருக்குப் பல் கூசும்.

எப்படிக் கேட்டேன் என்று சொல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. சோதனைக்கு எனக்குக் கச்சேரி நேரடிப் பதிவை விடச் சிறந்த சாமான் கிடைத்ததில்லை. பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். நமக்கு அது தலைகீழாக, மிருதங்கம் இடது காதில். வாசிப்பவரின் வலந்தலை (வலக்கை வாசிக்கும் முகம்) சபையைப் பார்த்து இருக்கும், தொப்பி (இடக்கை வாசிக்கும் முகம்) பின்பக்கம் போய்விடும். நேரில் உட்கார்ந்து கேட்டாலும் தொப்பியின் சத்தத்தில் ஒரு பங்கு மேடைப் பின்சுவர் வரை போய்த் திரும்புகிற சத்தம்தான். நல்ல பதிவில், நல்ல ஹெட்போனில், அந்த இரண்டு அடி வித்தியாசம் தெரியும். வலந்தலை முன்னால் துல்லியமாக விழும், தொப்பி அதற்குப் பின்னால் இருந்து வரும். ரவையை நனைத்துப் பூசிய அந்தத் தோலில் கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கிதான் பேஸுக்குப் பரீட்சை. 'கும்' என்று ஆரம்பித்து மேலே வழுக்கிப் போகும் அந்த ஒரு சொல்லில் ஹெட்போனின் ஜாதகம் இருக்கிறது. பேஸ் வீங்கிய ஹெட்போனில் கும்கி அழகாகக் குழையும், ஆனால் பின்னால் வரும் வலந்தலைச் சொற்களை மூடிவிடும். எச்டி 820-இல் (மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு) மிருதங்கம் இருக்கும் இடம் விரலால் காட்டலாம் போலத் தெரிந்தது, கும்கி மெலிந்திருந்தது. இசட்1ஆரில் கும்கி வயிற்றில் விழுந்தது, மிருதங்கம் மட்டும் ஓர் அடி அகலம் கூடிவிட்டது. நடுவில் எது சரி? கச்சேரியில் நான் எப்போதும் உட்காருவது கடைசி வரிசை, அதனால் என் தீர்ப்பை நம்பாதீர்கள்.

சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவர் என்றால் இன்னொரு விஷயம் யோசியுங்கள். 'பேஸ்' என்று எதைச் சொல்கிறீர்கள்? நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த தந்தி திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகுமே, அந்த ருசி முக்கால்வாசி 60-க்கும் 200-க்கும் நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் உறுமல் பெரும்பாலும் இப்போது வரும் எலக்ட்ரானிக் பாட்டுகளின் சொத்து. முதல் ரகத்துக்கு 20 ஹெர்ட்ஸ் தொடும் ஹெட்போன் தேவையே இல்லை. தந்தியின் நுனி தெரியும்படி சுத்தமாக இருந்தால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தபோது கேன்ஜாம் என்ற ஹெட்போன் கண்காட்சி நடந்தது, அங்கே நின்றுகொண்டே கேட்டவை இவை. டான் கிளார்க் ஆடியோவின் ஸ்டெல்த், 2021-இல் நாலாயிரம் டாலருக்கு வந்தது, உங்கள் பட்ஜெட்டுக்கு மேல். டிரைவருக்கும் காதுக்கும் நடுவில் தேன்கூடு போல ஒரு தட்டு வைத்து, உள்ளே முட்டி மோதும் அலைகளைத் தணிக்கிறார்கள். பேஸ் ஆழமாக இறங்கும், ஆனால் ஒரு துளி கூடுதலாக இருக்காது. ஷான் ஆலிவ், டாட் வெல்டி குழுவினர் ஹார்மன் நிறுவனத்தில், கேட்பவர்களுக்கு எது பிடிக்கிறது என்று ஆராய்ந்து உருவாக்கிய ஒலி வளைகோட்டை ஒட்டியே டியூன் செய்தது. ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில் நிற்கும், மேடை மட்டும் நடுத்தரம். சத்தம் எழ நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வேண்டும். ஃபோகல் ஸ்டெல்லியா பெரிலியம் டிரைவர், மின்தடை 35 ஓம்தான், கைபேசியில் சாதாரண டாங்கிள் போட்டாலே அலறும். அடி ஒவ்வொன்றும் சுளீர் என்று விழும். மேடை அகலத்தை விட நெருக்கம் அதிகம், பாடகர் முகத்துக்கு முன்னால் வந்து பாடுவார். ஜப்பானின் கோச்சி பகுதி மூங்கிலில் கப் செய்த டெனான் ஏஎச்-டி9200 எனக்கு ரொம்பப் பிடித்தது. பேஸ் தாராளம், குடத்தன்மை குறைவு, தலையில் கனமும் தெரியவில்லை. ஃபாஸ்டெக்ஸ் டிஎச்900 உருஷி அரக்குப் பூச்சில் கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கும். பேஸும் ட்ரெபிளும் இரண்டு பக்கமும் தூக்கலாக, குரல் நடுவில் ஒடுங்கி நிற்கும். சினிமாப் பாட்டுக்குக் கும்மாளம், கச்சேரிக்குச் சரிவராது.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிடி 770-க்கு வெல்வெட் பேடைக் கழற்றிவிட்டு, ஏதோ ஒரு கடையில் தடித்த தோல் பேட் வாங்கிப் போட்டேன், அடைப்பு கூடினால் பேஸ் கூடும் என்ற கணக்கில். கூடியது பேஸ் இல்லை, கொழகொழப்பு. மேடை பாதியாகச் சுருங்கிவிட்டது. அந்த வெல்வெட் கொஞ்சம் காற்று விட்டதும் சேர்த்துத்தான் அந்த ஹெட்போனுக்கு விலைக்கு மீறிய விரிவு இருந்திருக்கிறது என்பது பேடை மாற்றிய பிறகுதான் உறைத்தது. பழைய பேடை அதற்குள் குப்பையில் போட்டிருந்தேன்.

உங்களுக்கு? எச்டி 800 எஸ்-இல் மயங்கியவர் என்பதால் கை தானாக எச்டி 820 பக்கம் போகும். கண்ணாடி போடாதவர், பேஸ் அளவாக இருந்தால் போதும், அதன் 300 ஓம் மின்தடையை ஓட்ட ஒரு ஆம்ப் இருக்கிறது என்றால் போங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஈக்வலைசரில் பேஸை ஏற்றிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒழுகும் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை அது, தலையை அசைக்கும்போதெல்லாம் அளவு மாறும். உங்கள் சூழ்நிலைக்கு என் ஓட்டு இசட்1ஆருக்குத்தான். அந்தப் பத்து கிலோ ஹெர்ட்ஸ் மேட்டை ஈக்வலைசரில் மூன்று நான்கு டெசிபல் அமுக்கிவிடலாம், அது மாறாமல் நிற்கும். வெளியே கசியும் சத்தம் குழந்தையை எழுப்பும் அளவுக்கு இல்லை. ராத்திரி பதினொன்றுக்கு என் மனைவி அடுத்த தலையணையில் தூங்கியபடியேதான் நான் அந்த மூன்று மாதமும் கேட்டேன். பட்ஜெட்டில் பாதியை மிச்சம் பிடிக்க ஆசை இருந்தால் பழைய டெனான் டி9200 ஒன்று தேடுங்கள்.

எதை வாங்கினாலும் கேட்டுப் பார்க்கப் போகும்போது தினமும் போடும் கண்ணாடியோடு போங்கள், காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முப்பது ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். நண்பர் திரும்பி வந்து பெட்டிகளை எடுத்துப் போன மறுநாள் நான் முதலில் வாங்கியது ஹெட்போன் இல்லை, காம்பு தகடு போல மெல்லிசாக இருக்கும் டைட்டானியம் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு போய் இன்னொரு முறை எச்டி 820 கேட்டேன். பாதிக்கு மேல் பேஸ் திரும்பி வந்திருந்தது.