பணியிடப் பாதுகாப்பில் மனிதவளத் துறைக்கு என்ன பங்கு? அது பாதுகாப்பு அலுவலரின் வேலை இல்லையா?

கேள்வி கேட்டவர் எம்.பி.ஏ. முடிக்கப் போகிறவர். ஹெல்மெட், தீயணைப்பான், இயந்திரத்துக்குத் தடுப்பு எல்லாம் இன்ஜினியர் பார்க்கிற விஷயம், ஆள் எடுத்து சம்பளம் போட்டு லீவு பார்க்கிற ஹெச்.ஆருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம், முந்திரி ஆலைகளில் பதினாறு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். எங்கள் ஊரில் யாரும் முந்திரி ஆலை என்று சொல்ல மாட்டார்கள், அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். என் அம்மாவும் அண்டி உடைக்கப் போனவர். அவர் விரல்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

இப்போது இருக்கிற ஆலையில் நான் சேர்ந்த புதிதில், வருகைப் பதிவுக்குக் கைரேகை இயந்திரம் வாங்கி வைத்தோம். முதல் வாரமே குழப்பம். தோல் உரிக்கிற பகுதியிலும் தரம் பிரிக்கிற பகுதியிலும் எல்லோருக்கும் ரேகை விழுந்தது. உடைக்கிற பகுதியில் பாதிப் பேருக்கு மேல் விழவே இல்லை. விற்றவர் வந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், வேறு இயந்திரம்கூட மாற்றிக் கொடுத்தார். கோளாறு இயந்திரத்தில் இல்லை. முந்திரி ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலை அரிக்கிற எண்ணெய். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் அதில் இருக்கின்றன. வருடக்கணக்காக அதைத் தொட்டவர்களின் விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ரேஷன் கடையிலும் இதே பாடுதான் என்று அவர்கள் சொன்னார்கள். யாருக்கு, எந்தப் பகுதியில், எவ்வளவு காயம் என்ற கணக்கு என் மேசையில் இருந்த வருகைப் பட்டியலிலேயே இருந்தது. அதைப் படிக்க வேண்டிய ஆள் நான்தான்.

சரி, கையுறை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று வாங்கினோம். எப்படி அணிவது என்று காட்டினோம், அறிவிப்பும் ஒட்டினோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் உறை எல்லாம் சாப்பாட்டுப் பைக்குள் மடித்தபடி இருந்தது. பெண்கள் பழையபடி, ஓட்டெண்ணெய் ஒட்டாமல் இருக்கக் கையில் வேறு எண்ணெய் தடவி, சாம்பலில் தோய்த்து உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசர், "சொன்னா கேக்க மாட்டேங்குதுவ மேடம், மெமோ கொடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. அறுபது வயதை நெருங்கிய ஓர் அக்காவிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது இது: "மக்களே, உறை போட்டா பிடி கிட்டாது. பிடி கிட்டலேன்னா பருப்பு பொட்டிப் போவும். பொட்டுன பருப்புக்கு என்ன கூலின்னு நீதானே எழுதுத?"

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் கூலி எடைக்கணக்கு. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்குக் குறைவு. கையுறை போட்டால் வேகம் குறையும், சேதம் கூடும், சனிக்கிழமை கையில் வாங்குகிற பணம் குறையும். விரலைக் காப்பாற்றினால் வீட்டுச் செலவில் இடிக்கும். எந்தப் பாதுகாப்பு அலுவலரும் எவ்வளவு நல்ல உறை வாங்கினாலும் இந்தக் கணக்கை அவரால் மாற்ற முடியாது. கூலி விகிதம் அவர் கையில் இல்லை, மனிதவளத் துறையின் கையில் இருக்கிறது.

அதனால் முதலாளியிடம் போய்ப் பேசினேன். இரண்டு மாதம் உடைக்கிற பகுதிக்கு மட்டும், ஒவ்வொருவருக்கும் முந்தைய மூன்று மாதச் சராசரியை நாள்கூலியாகக் கொடுப்போம், கை பழகட்டும் என்று கேட்டேன். முதலில் மறுத்தார். லீவு எடுத்தவர்களின் பட்டியலையும் கொப்புளம் வந்து பாதியில் நின்றவர்களின் பட்டியலையும் வைத்துக் காட்டியபோது சம்மதித்தார். இரண்டு கைக்கும் உறை சரிப்படவில்லை. அண்டியைப் பிடிக்கிற கைக்கு மட்டும் மெல்லிய உறை என்று பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கை கழுவப் போகிற பத்து நிமிடத்தைக் கூலி நேரமாகச் சேர்த்தோம். கொப்புளம் வந்தவர்களைத் தரம் பிரிக்கிற பகுதிக்கு மாற்றும்போது கூலி குறையாது என்று எழுதிக் கொடுத்தோம். அந்தக் காகிதம் வந்த பிறகுதான் பலர் மறைத்து வைத்திருந்த கையை நீட்டிக் காட்டினார்கள்.

வேலை முறை மாறும்போது ஆபத்தும் இடம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா காலத்தில் டிரம்மில் வறுப்பார்கள். ஓட்டெண்ணெய் நெருப்பிலேயே பெருமளவு எரிந்துபோகும், ஆனால் புகை நெஞ்சை அடைக்கும். அப்புறம் நீராவியில் வேகவைக்கிற முறை வந்தது. புகை போனது, ஆனால் எண்ணெய் ஓட்டுக்குள்ளேயே தங்கி, உடைக்கிறவர் கைக்கு வருகிறது. பாய்லர் வாங்கும்போது விலை, எரிபொருள், வேகம் எல்லாம் பேசுவார்கள். அந்த மேசையில் ஹெச்.ஆரும் இருந்தால், இனி யார் கையில் எண்ணெய் படும் என்று கேட்க ஓர் ஆள் இருப்பார்.

நீங்கள் சொல்கிற பாதுகாப்பு அலுவலர் எல்லா இடத்திலும் இருப்பார் என்று நினைக்காதீர்கள். நான் வேலைக்கு வந்தபோது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி, பொதுவாக 1,000 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். நலன்புரி அலுவலருக்கு 500 பேர் வேண்டும். போபாலில் 1984இல் அத்தனை உயிர் போன பிறகு, 1987 திருத்தத்தில், அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காருகிற பாதுகாப்புக் குழு வந்தது. நான் வேலை பார்த்த எந்த அண்டி ஆபீஸிலும் ஆயிரம் பேர் இருந்ததில்லை. முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா என்பதில் தொடங்கி எல்லாமே ஹெச்.ஆர். நாற்காலியில் இருப்பவர் பொறுப்புதான். இப்போது 2020ஆம் ஆண்டின் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று இருப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கடிதம் இல்லாத ஆளுக்கு அடிபட்டால், அவர் இங்கே வேலை செய்தார் என்று நிரூபிப்பதே ஒரு போராட்டம்.

இதை நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் கண்ணால் பார்த்தேன். அங்கே வாசலில் ஒரு பலகை, விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று. மாதம் முழுக்க விபத்து இல்லை என்றால் எல்லோருக்கும் சிறு தொகை போனஸ். நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள். ஒரு நாள் பாய்லர் பக்கம் ஒரு தம்பிக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பதியலாம் என்று அவனை இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்க்கவில்லை. வீட்டில் சுடுதண்ணி கொட்டியது என்று சொல்லச் சொல்லி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கூட இருந்தவர்களும் போனஸ் போய்விடுமே என்று வாய் திறக்கவில்லை. பலகையில் எண் மாறவில்லை. நான் அப்போது சின்ன உதவியாளர், கூடவே போய் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொய்யை நானும் சொன்னேன். இன்றுவரை அது மனசில் இருக்கிறது.

அவனைச் சேர்ந்த அன்றே பதிந்திருந்தால் நிலைமை வேறு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் காயம் என்றால் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சிகிச்சையோடு, வேலைக்குத் திரும்பும் வரை சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். 2010 திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்தும் இதில் அடங்கும். மழைக்காலத்தில் வேனில் தொங்கிக்கொண்டு வருகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பதிவைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. செய்ய வேண்டியவர் ஹெச்.ஆர்.

விபத்து இல்லை என்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று நான் எங்கே போனாலும் சொல்வேன். நூலிழையில் தப்பியதை வந்து சொன்னவருக்குக் கொடுங்கள்.

வருகைப் பதிவேட்டைப் பற்றி ஒரு விஷயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, எங்கள் கடற்கரை ஊர்களில் யார் யார் கடலுக்குள் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருந்தது. முழுமையான பட்டியல் யாரிடமும் இல்லை. தூத்தூர், வள்ளவிளை பக்கம் பங்குத்தந்தையர்களும் ஊர்க்காரர்களும் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். என் மாமா வீடு அந்தப் பக்கம்தான், அந்த நாட்களை நான் அங்கே பார்த்தேன். அதற்குப் பிறகு என் ஆலையில், உள்ளே இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று எப்போதும் வாசல் காவலரிடம் காகிதத்தில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர், லாரியில் சரக்கு இறக்க வந்தவர், அசாமிலிருந்து வந்த தம்பிகள் எல்லோர் பெயரும் அதில் உண்டு. தீ பிடித்தால் கம்ப்யூட்டரைத் திறந்து தேட முடியாது.

இன்னொன்று, பெண்கள் நிறைந்த ஆலை என்பதால் சொல்கிறேன். எங்கள் பெண்கள் பலருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது. லீவு விண்ணப்பங்களில் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் இருக்கும். தனியாகக் கேட்டபோதுதான், கழிப்பறை தூரம், போய் வந்தால் உடைத்த பருப்பின் எடை குறையும், அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று தெரிந்தது. மறுபடியும் அதே கூலிக் கணக்கு. பக்கத்திலேயே கழிப்பறை கட்டினோம். தரையில் குத்தவைத்து உட்கார்வதற்குப் பதில் மேசை போட்டோம். மேசையை வயதானவர்கள் சிலர் இன்னும் ஏற்கவில்லை, தரையே பழக்கம் என்கிறார்கள். இடுப்புவலி அவர்களுக்குக் குறையவில்லை, நானும் பேசுவதை விடவில்லை.

நீங்கள் வேலைக்குச் சேரும்போது சம்பள மென்பொருளைக் கற்றுக்கொள்வதோடு, முதல் வாரம் எல்லாப் பகுதியிலும் போய் உட்காருங்கள். லீவுப் பட்டியலைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பகுதியிலிருந்து ஆள் அதிகம் நின்றுபோகிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் ஆலையில் இப்போது முகம் பார்த்துப் பதிகிற இயந்திரம். பழைய கைரேகை இயந்திரத்தை நான் தூக்கிப் போட விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடைக்கிற பகுதியில் எல்லோரையும் விரல் வைக்கச் சொல்வேன். விழாதவர்களை வேறு பகுதிக்கு மாற்றுவோம், கூலி குறையாமல். என்னிடம் கூலி பற்றிக் கேட்ட அந்த அக்காவைப் போன வருடம் தரம் பிரிக்கிற பகுதிக்கு மாற்றியிருந்தோம். இந்தச் சித்திரையில் அவர் விரல் வைத்தார். மூன்றாவது தடவையில் விழுந்தது.