கரகரப்புக்கு யார் காரணம்? லினக்ஸ் ஒலி பற்றிக் கேள்வி பதில்

கே: உபுண்டு 24.04. பாட்டு ஓடும்போது ஒரு சாட் செயலியில் அழைப்பைத் தொடங்கினால் போதும், பாட்டு கரகரக்கிறது. அழைப்பை முடித்தால் சரியாகிவிடுகிறது. கணினி பழசு என்பதாலா அண்ணா?

பழசு என்பது பாதிக் காரணம்தான் தம்பி. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைமுன் உட்கார்ந்திருப்பது சவுண்ட் கார்டு. அது சாப்பிடும் வேகம் மாறவே மாறாது, நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் சின்னத் துணுக்கு). பரிமாறுவது பைப்வயர், அதாவது எல்லாச் செயலிகளின் ஒலியையும் வாங்கிச் சவுண்ட் கார்டுக்குக் கொடுக்கும் ஒலி சர்வர். அதன் கையிலிருக்கும் வாளிதான் பஃபர். பைப்வயர் பாஷையில் குவாண்டம். வழக்கமான வாளி 1024 சாம்பிள், அதாவது 21 மில்லிநொடி. அதற்குள் அடுத்த வாளி வந்தாக வேண்டும். வராவிட்டால் இலை காலி. அந்த ஒரு கணத்தைத்தான் காது 'டிக்' என்று கேட்கிறது. இதை எக்ஸ்ரன் என்பார்கள். அடுத்தடுத்து வந்தால் கரகர.

இனி உங்கள் விஷயம். பந்தி முழுவதற்கும் ஒரே வாளிதான். சாட் செயலி வந்து உட்கார்ந்து, "எனக்குச் சின்னக் கிண்ணத்தில், உடனே உடனே வேண்டும்" என்கிறது. வந்திருப்பவர்கள் கேட்டதிலேயே சிறிய அளவு எதுவோ அதைத்தான் பைப்வயர் எடுத்துக்கொள்ளும். 256 என்று கேட்டிருந்தால் உங்கள் பாட்டும் 5.3 மில்லிநொடிக்கு ஒருமுறை தயாராக வேண்டும். சமையற்கட்டு தடுமாறுகிறது.

டெர்மினலில் 'பிடபிள்யூ-டாப்' (pw-top) ஓட்டுங்கள். 'குவான்ட்' (QUANT) என்ற பத்தியில் வாளியின் அளவு தெரியும். 'இஆர்ஆர்' (ERR) என்ற பத்தியில் எத்தனை தடவை இலை காலியானது என்று தெரியும். அழைப்பைத் தொடங்கியதும் எந்த வரியில் அந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள். அதுதான் குற்றவாளி. ஒலிப்பதிவு எதுவும் செய்யாதவர் என்றால், பைப்வயர் அமைப்புக் கோப்பில் குறைந்தபட்சக் குவாண்டத்தை 32-இலிருந்து 512 ஆக்கினால் போதும். ஆனால் முதலில் பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள்.

கே: பழைய பதிவு ஒன்றைப் பார்த்து டீஸ்கெட்=0 (tsched=0) போட்டேன். ஒன்றும் மாறவில்லையே?

மாறாது. அது பைப்வயருக்கு முன்பு இருந்த ஒலி சர்வரான பல்ஸ்ஆடியோவின் அமைப்பு. 2008 வாக்கில் பல்ஸ்ஆடியோ டைமரை நம்பி ஓட ஆரம்பித்தபோது சில சவுண்ட் கார்டு டிரைவர்கள் தவறான கணக்குச் சொல்லின. அதற்காக வந்த வைத்தியம் இது. உங்கள் கணினியில் ஓடுவது பைப்வயர். அந்தக் கோப்பை அது திறந்துகூடப் பார்க்காது. பழைய பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டும் முன், அந்த வரி எந்த சர்வருக்கு எழுதியது என்று பாருங்கள்.

கே: கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பாட்டு போட்டால் முதலில் ஒரு 'டப்'.

இதற்குக் காரணம் பஃபர் இல்லை. 5 நொடி சும்மா இருந்தால் ஒலிச் சாதனத்தைத் தூங்க வைப்பது வழக்கம். எழும்போது வரும் சத்தம் அது. பைப்வயருக்காகச் சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் வயர்பிளம்பரில் அந்த நேரத்தை 0 ஆக்குங்கள். போகவில்லை என்றால் இன்டெல் ஹெச்டிஏ டிரைவரின் பவர்சேவ் (power_save) அமைப்பையும் 0 ஆக்குங்கள்.

கே: எது நல்ல பஃபர் அளவு? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

இஆர்ஆர் ஏறாத எண்.

கே: மிருதங்கம் பதிவு செய்கிறேன். 64-க்கு மேல் போகவே கூடாது என்கிறார் குரு. 64-இல் வெடிக்கிறது. என்ன செய்ய?

256 வைத்துப் பாருங்கள். 5.3 மில்லிநொடியில் ஒலி காற்றில் ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். கச்சேரி மேடையில் உங்களுக்கும் வயலின்காரருக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கும். அந்தத் தாமதத்தோடுதான் எல்லாரும் காலங்காலமாகத் தாளம் தப்பாமல் வாசிக்கிறார்கள்.

கே: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் சார். நான் பாடகி. கணக்கு ஒருவழிக்குத்தான் சரி. மைக்கில் நுழைய ஒரு வாளி, வெளியே வர ஒன்றோ இரண்டோ வாளி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. 256 என்றால் 15 மில்லிநொடியைத் தாண்டிவிடும்.

சரிதான் அம்மா, போய்வர என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனாலும் 15 மில்லிநொடி என்பது 5 மீட்டர். பெரிய மேடை, அவ்வளவுதானே?

கே: இல்லை சார். மேடையில் வயலின் தாமதமாக வரும். என் குரல் எனக்குத் தாமதமாக வராது. ஹெட்போன் போட்டால் மண்டை எலும்பு வழியாக உடனே கேட்கும் குரலும், 15 கழித்து வரும் குரலும் கலந்து தகர டப்பாவுக்குள் பாடுவதுபோல் இருக்கிறது. சுருதி சேர்வதே கஷ்டம்.

ஒப்புக்கொள்கிறேன். நான் கைவாத்தியக்காரன், குரலுக்கு இதை யோசிக்கவில்லை. ஆனால் அதற்கும் 64 மருந்தல்ல. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ குமிழோ இருக்கும். அதைப் போட்டால் குரல் கணினிக்குள் போகாமலேயே ஹெட்போனுக்கு வரும். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும். அப்புறம் பஃபர் 1024 இருந்தாலும் கவலையில்லை. மிருதங்கத் தம்பி, உங்களுக்கும் இதுதான். குருவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கே: விர்ச்சுவல் மெஷினுக்குள் மட்டும் கரகரக்கிறது.

அங்கே 1024-க்குக் கீழே போகாதீர்கள்.

கே: புளூடூத் இயர்போனில் மைக்கைத் திறந்ததும் பாட்டு டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. எத்தனை பஃபர் வைக்கலாம்?

அது இயர்போன் அழைப்பு முறைக்கு மாறுவதால் வருவது. மைக்குக்கு லேப்டாப்பில் உள்ளதையே பயன்படுத்துங்கள்.

கே: லேப்டாப்பில் சார்ஜர் செருகினால் ஸ்பீக்கரில் 'ங்ஙொய்' என்று இரைச்சல். 2048 வைத்தும் போகவில்லை.

20,480 வைத்தாலும் போகாது. சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறதா? அப்படியானால் இது எர்த் பிரச்சினை. வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள், எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வகையில் நானே மூன்று நாள் ஏமாந்திருக்கிறேன். பதிவில் இடையிடையே 'டிக்'. 256, 512, 1024 என்று ஏற்றிக்கொண்டே போனேன். இஆர்ஆர் மட்டும் 0-விலேயே நின்றது. அதைப் பார்த்தும் நம்பாமல் ரியல்டைம் அனுமதி, கர்னல் என்று கிளறினேன். கடைசியில் மேசைக்கடியில் கால் நீட்டியபோது 'டிக்'. யூஎஸ்பி ஹப்பில் கேபிள் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்டர்ஃபேஸை நேராக மதர்போர்டின் பின்பக்கத் துளையில் செருகினேன். முடிந்தது.

கே: எது நல்ல பஃபர் அளவு சார்?

மேலே போய்ப் படியுங்கள்.

கே: முதல் கேள்வி கேட்டவன்தான் அண்ணா. பார்த்தேன். அழைப்பின்போது குவான்ட் 256 ஆகிறது. ஆனால் இஆர்ஆர் ஏறுவது சாட் செயலியின் வரியில் இல்லை. எப்போதோ போட்டு மறந்துபோன ஈக்வலைசரின் வரியில், நிமிடத்துக்கு முப்பது நாற்பது.

பார்த்தீர்களா! எல்லாருடைய சாம்பாரும் அந்த ஒரு ஆளின் கை வழியாகத்தான் போகிறது. அவரை அனுப்பிவிட்டு, 256-இலேயே விட்டுப் பாருங்கள். குறைந்தபட்ச அளவைத் தொடவே வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.