தண்ணீர் பாட்டில் ராக்கெட்: எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் நன்றாகப் பறக்கும்?

மகளோடு சேர்ந்து வீட்டிலேயே செய்ய என்னென்ன வேண்டும், பாட்டிலை முழுக்க நிரப்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில்: முழுக்க நிரப்பவே கூடாது. மூன்றில் ஒரு பங்கு போதும். 2 லிட்டர் பாட்டில் என்றால் 600 மில்லி போல.

ராக்கெட்டுக்குச் சக்தி கொடுப்பது நாம் பம்பால் அடித்து அடைக்கிற காற்று. அது வெளியே தள்ளுவதற்குக் கனமான பொருள் ஒன்று வேண்டும், அதுதான் தண்ணீர். சாதாரணக் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அது கீழே பீய்ச்சியடிக்க, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பாட்டில் மேலே எகிறும். முழுக்க ஊற்றினால் காற்று அடைக்க இடமிருக்காது. தண்ணீரே இல்லையென்றால் புஸ்ஸென்று கொஞ்ச தூரம் போய் விழும். பாட்டிலில் மார்க்கரால் கால், மூன்றில் ஒன்று, அரை என்று கோடு போட்டு, மகளையே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் மாறாமல் தண்ணீர் மட்டும் மாற வேண்டும்.

பாட்டில் சோடா, கூல்ட்ரிங்ஸ் விற்கிற வகையாக இருக்கட்டும். குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் மூன்று இறக்கைகள் வெட்டி, வாய்ப் பக்கம் டேப்பால் ஒட்டுங்கள். சூடான பசை வேண்டாம், பாட்டில் இளகிப் பலவீனமாகும். அடிப்பக்கம்தான் மூக்கு. அதில் கொஞ்சம் களிமண் வைத்து மேலே கூம்பு மாட்டுங்கள். தண்ணீர் இல்லாமல், எடை சமமாக நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் மூக்கு முன்னால் போக வேண்டும். போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் களிமண்.

ராக்கெட் கிளம்பியதும் கண் இமைப்பதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். அப்போது வாயிலிருந்து வெண்மையாக ஒரு மூட்டம் கிளம்பும், அதைக் கட்டாயம் கவனியுங்கள். புகை இல்லை அது. அடைபட்ட காற்று சட்டென்று விரிந்து குளிர்வதால் அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. மேகம் உண்டாவதும் இப்படித்தான். எனக்கு இந்த ராக்கெட்டில் மிகவும் பிடித்ததே இதுதான்.

அப்புறம் பாதுகாப்பு. வாயை அடைக்க ரப்பர் கார்க். அதன் துளை வழியாக, அழுத்தம் தாங்கும் 5 மீட்டர் நீள ஹோஸ். காற்று அடிக்கும் வால்வைக் கார்க்கில் வைக்காமல் ஹோஸின் மறுமுனையில், பம்பு பக்கம் வையுங்கள். கார்க்கின் இறுக்கத்தைப் பொறுத்து 30, 40 பிஎஸ்ஐயில் (டயர் காற்றுக்குச் சொல்கிற அழுத்த அளவு) பாட்டில் தானாகக் கிளம்பும். அழுத்தம் காட்டும் மீட்டர் உள்ள பம்பு நல்லது. 60-ஐத் தாண்ட வேண்டாம். கிளம்பாவிட்டால் யாரும் பாட்டிலருகே போய்க் குனியக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே வால்வு ஊசியை அழுத்திக் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, கார்க்கைக் கொஞ்சம் தளர்த்திச் செருகி மறுபடி அடியுங்கள்.