கேட் திறக்கும் சத்தம்

எனக்கு 34 வயது. சின்ன வயதில், அப்பா குடித்துவிட்டு வந்து கேட் கொண்டியை நீக்கும் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. என் வீட்டுக்காரர் குடிக்காதவர், குரலைக்கூட உயர்த்தமாட்டார். ஆனாலும் அவர் வந்து கேட்டைத் திறந்தால் உள்ளங்கை வியர்க்கிறது. எனக்கு மூளைக்கோளாறா?

இல்லைம்மா. மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. கொண்டிச் சத்தம் வந்தால் அடுத்து அடி என்று சின்ன வயதிலேயே அது முடிச்சுப் போட்டுவிட்டது. அன்றைக்கு உங்களைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பிக் காப்பாற்றியதும் அதுதான். நீங்கள் யோசிப்பதற்கு முன்பே அது மணி அடித்துவிடுவதால், 'இது என் வீட்டுக்காரர்தானே' என்ற அறிவு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது.

வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். கேட்டைத் தொடும் முன் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். படபடப்பு வந்தால் பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். இதெல்லாம் முதலுதவி. முடிச்சை அவிழ்க்க, பழைய நினைவை உங்களால் தாங்க முடிந்த அளவுக்குத் தொட்டுப் பேசும் உளவியல் சிகிச்சை இருக்கிறது. பழைய நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைக்கச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சை முறையும் பலருக்குப் பலன் தந்திருக்கிறது.

சிறுவயதுத் துன்பம் பின்னாளில் உடம்பையும் கெடுக்குமா?

கெடுக்கலாம். 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், அடி, வசவு, வீட்டில் குடி என்று சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களை அனுபவித்தவர்களுக்கு மனச்சோர்வும் குடிப்பழக்கமும் மட்டுமல்லாமல் இதய நோயும் அதிகம் இருந்தது. இது வாய்ப்புக் கணக்குதான், ஜாதகம் இல்லை. இணையத்தில் இந்தத் துன்பங்களை எண்ணித் தங்களுக்கே மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அம்மாவிடம் கேட்டால், 'அந்தக் காலத்தில் அடிக்காத வீடு எது?' என்கிறார். அவர் ஒப்புக்கொண்டால்தான் எனக்கு ஆறும்போல இருக்கிறது.

ஒப்புக்கொண்டால் நல்லதுதான். ஆனால் அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கையில் பணமில்லை, வெளியே தெரியவும் கூடாது. எங்கே போவது?

முதலில் 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க, மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. தனியாரிடம் போவதாக இருந்தால், அந்த மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

அப்புறம், ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் வரிசையில் நிற்பவர்கள் காதுபட முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. 'தூக்கம் வரவில்லை, மனநல டாக்டரைப் பார்க்கணும்' என்றால் போதும்.