ஃப்ரிட்ஜில் ஒட்டிய அட்டவணை

அன்புள்ள ஐயா,

கோவையில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. போன ஜூனில் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். காலை 6 மணிக்கு யோகா, 7.30க்குக் கணக்கு, 8.15க்கு ஆங்கிலம் என்று இரவு 8 வரை அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன் (படம் இணைத்திருக்கிறேன்). மூன்றாவது வாரமே குலைந்துவிட்டது. பையன் மேசைக்கு வர மாட்டேன் என்கிறான், நான் கத்துகிறேன், சின்னவள் அழுகிறாள். கொஞ்சம் நெகிழ்வான அட்டவணையை எப்படிப் போடுவது? எந்தக் கணக்குப் புத்தகம் நல்லது? டேப்லெட் எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? பத்தாம் வகுப்புக்கு என்ன வழி? சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பத்தாம் வகுப்பை முதலில் முடித்துவிடுவோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. உங்கள் மகனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரர்கள் நீங்கள் பள்ளிக்கு அனுப்பினாலும் கேட்பார்கள், எந்தப் பள்ளி, என்ன ஃபீஸ் என்று. விடுங்கள்.

அட்டவணையைப் பார்த்தேன். முக்கால் மணி நேரப் பாடவேளை என்பது நூற்றுக்கணக்கான பிள்ளைகளையும் பத்திருபது ஆசிரியர்களையும் ஒரே கட்டடத்தில் முட்டிக்கொள்ளாமல் நகர்த்துவதற்கான ஏற்பாடு. கணக்கு வாத்தியார் வெளியே போனால்தான் ஆங்கில டீச்சர் உள்ளே வர முடியும். உங்கள் வீட்டு வாசலில் எந்த டீச்சர் காத்துக்கொண்டு நிற்கிறார்? பின்னக் கணக்கில் பையன் ஒன்றிப்போயிருக்கும்போது மணி 8.15 ஆகிவிட்டது என்று எழுப்பியிருப்பீர்கள். அவன் மேசைக்கு வர மறுப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. அந்தத் தாளில் பிள்ளைகள் இருவரைத் தவிர ஆளே இல்லை. நீங்கள் எப்போது சமைக்கிறீர்கள், எப்போது குளிக்கிறீர்கள், எப்போது கொஞ்சம் படுக்கிறீர்கள்?

நான் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் வளர்ந்தவன். வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு நூலை (சேலையின் நீளவாட்டு இழைகளை) நீட்டிக் கஞ்சி போட்டு ஆற்றிவிட வேண்டும். பாட்டி ராட்டையில் உட்கார்வாள், அம்மா அடுப்பை முடித்துவிட்டுப் பாவு பிணைக்க வருவாள், நான் தார் (குறுக்கு இழைக்கான நூல் குழல்) சுற்றிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலை என்றால் ஒரு பக்கக் கரைக்கு நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்) தள்ள இன்னொரு கை வேண்டும், சனி ஞாயிறுகளில் அது என் கை. (குழந்தை உழைப்புதான். எத்தனையோ பிள்ளைகள் அதனால் பள்ளியையே பார்க்கவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.) ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறிவிடும், தறி நின்றுவிடும். அந்த நாட்களில்தான் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூலி நோட்டைப் பிரிப்பார். பட்டு எடை இவ்வளவு, ஜரிகை இவ்வளவு, முன்பணத்தில் பிடித்தம் போக மீதி எவ்வளவு. கழித்தல் தப்பினால் எங்களுக்கு அரிசி தப்பும். பள்ளியில் அப்படி ஒரு கணக்கை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அந்த வீட்டில் யாருக்கும் அட்டவணை கிடையாது. எதற்குப் பின் எது என்ற வரிசை மட்டும் உண்டு, மழை வந்தால் அதுவும் நகரும். என் நாள் பெரியவர்களின் நாளுக்குள்ளே இருந்தது. உங்கள் வீட்டில் பிள்ளைகளின் நாளைத் தனியாக வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறீர்கள், நீங்கள் அதற்குக் காவலாளி.

சரி, உங்கள் கணவர் எங்கே? பள்ளியிலிருந்து நிறுத்தும்போது இருந்திருக்கிறார். அப்புறம் கடிதம் முழுக்கக் காணோம். வேலைக்குப் போகிறார் என்பீர்கள். போகட்டும். இரவு வருகிறார் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார் அல்லவா? கரண்ட் பில் கட்டுவது, பைக்குக்கு ஆயில் மாற்றுவது, மளிகைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும். அவர் வர நேரமானால் பிள்ளைகள் ஒன்பதரை வரை விழித்திருக்கட்டும், காலையில் எட்டு மணிக்கு எழட்டும். பள்ளி வேன் வராத வீட்டில் ஆறு மணி யோகா யாருக்காக? இந்தச் சௌகரியத்துக்காகத்தானே இவ்வளவு பேச்சும் கேட்டீர்கள்? மாமியார், அம்மா யாராவது பக்கத்தில் இருந்தால் சின்னவளைக் கதைக்கு அங்கே அனுப்புங்கள்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பது, மதியம் எல்லாரும் அவரவர் மூலையில் சத்தமில்லாமல் இருப்பது, இரவு அப்பாவோடு ஏதாவது ஒன்று. இந்த மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மணி பார்க்க வேண்டாம். மதியத்து ஓய்வு முக்கியமாக உங்களுக்கு. அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

கணக்குக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூலே போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டேப்லெட்டை நீங்கள் சமைக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். இரண்டு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். நீங்கள் வேண்டாம், அவரை எழுதச் சொல்லுங்கள்.